நாவலா, சிறுகதையா: நண்பர்கள் கூடிப் படிப்பதற்கு எது ஏற்றது?

நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசிப்பு வட்டம் தொடங்க நினைத்தால், முதலில் எழும் கேள்வி எங்கே கூடுவது என்பதுதான். ஒருவர் மயிலாப்பூரிலும் ஒருவர் மேடவாக்கத்திலும் மற்றொருவர் அம்பத்தூரிலும் இருக்கிற ஊரில் அது நியாயமான கேள்வியே. ஆயினும் ஒரு வட்டம் நிலைப்பதும் கலைவதும், மாதம் ஒரு நாவல் படிக்கிறோமா அல்லது மாதம் இரண்டு சிறுகதைகள் படிக்கிறோமா என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வட்டம் நாவலில் தொடங்கிச் சிறுகதைக்கு மாறியது. மாறிய பிறகு திரும்பிப் போக யாரும் கேட்கவில்லை. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்காமலேயே எழுதுகிறேன்.

எல்லோரும் அறிந்த வேறுபாடுகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாவலுக்குச் செலவும் நேரமும் கூடுதல். சிறுகதைக்கு இரண்டும் குறைவு. நாவல் பிடிக்காமற்போனால் ஒரு மாதம் வீணாகும்; கதை பிடிக்காமற்போனால் அடுத்த கதைக்குப் போய்விடலாம். கூடும் இடம் இரண்டுக்கும் பொதுவானதே. நாங்கள் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் ஞாயிறு மாலையில் கூடுகிறோம். பூங்காவில் இருட்டியதும் எழுத்து தெரியாது, கொசுவும் விடாது. உணவகத்தில் விடுமுறை மாலையில் ஒரு மேசையை இரண்டு மணி நேரம் பிடித்துவைத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

நாவலின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் முழுவதும் ஒரே மனிதர்களோடு பழகிவிட்டு வருகிற வாசகருக்கு அவர்கள்மீது ஓர் உரிமை வந்துவிடுகிறது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பற்றிப் பேசக் கூடிய மாலையில், யமுனாவின் பக்கம் நின்றவர்களும் பாபுவின் பக்கம் நின்றவர்களும் காபி ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் வாதாடினார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொண்டபோது, 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, தெருமுனையில் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்ற நினைவு எல்லோருக்கும் இருந்ததால், ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பக்கங்களைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. இத்தகைய நீண்ட உறவைச் சிறுகதையால் தர முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தண்ணீர்' கூட்டம் அவ்வளவு சிறப்பாக அமைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது மிகச் சிறிய நாவல். வந்திருந்த அனைவரும் படித்து முடித்திருந்தார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: படித்து முடிக்காமல் வருகிறவரை என்ன செய்வது? பார்க்கச் சிறிய சிக்கலாகத் தெரிந்தாலும், நாவல் படிக்கும் வட்டத்தை உள்ளிருந்து அரிப்பது இதுவே. 500 பக்க நாவலை 30 நாளில் முடிக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 பக்கம் படித்தால் போதும். இது எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் பிள்ளைகளின் தேர்வு, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஓஎம்ஆரில் இரவுப்பணி, மார்கழியில் சபாக் கச்சேரி என்று ஏதோ ஒன்று குறுக்கிட்டு முதல் ஒரு வாரம் தவறினால் அது 22 பக்கமாகிறது. இரண்டு வாரம் தவறினால் 31 பக்கத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் நியாயமான மனிதர் எவரும் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார். அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

அப்படி இரண்டு மூன்று பேர் வந்து அமர்ந்ததும் கூட்டத்தின் போக்கே மாறிவிடுகிறது. முடிவைப் பற்றிப் பேச வாயெடுத்தால் 'சொல்லிவிடாதீர்கள்' என்று ஒரு குரல் எழும். எனவே எல்லோரும் படித்திருக்கும் முதல் நூறு பக்கங்களைச் சுற்றியே பேச்சு நடக்கும். நாவலாசிரியர் எந்தப் பகுதிக்காக அத்தனை பக்கங்களையும் எழுதினாரோ அந்தப் பகுதி தொடப்படாமலேயே போகும். முழுவதும் படித்துவிட்டு வந்தவருக்கு, தாம் செலவிட்ட நேரத்துக்கு மதிப்பில்லை என்ற கசப்பு. படிக்காமல் வந்தவருக்கோ கூச்சம். அடுத்த மாதமும் முடிக்க இயலாமற்போனால் வாட்ஸப்பில் 'உடல்நிலை சரியில்லை' என்ற செய்தி வரும். அதற்கடுத்த மாதம் அந்தச் செய்தியும் வராது. எங்கள் வட்டத்திலிருந்து விலகியவர்களில் சண்டையிட்டு விலகியவர் ஒருவருமில்லை. அத்தனை பேரும் புத்தகத்தை முடிக்க முடியாத வெட்கத்தினால் மெல்ல நழுவியவர்கள்.

இதற்கு நாவலுக்குள்ளேயே தீர்வு தேடிப் பார்த்தோம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களாக இருப்பதால் மாதம் ஒரு பாகம் என்று பிரிக்கலாம் என்ற யோசனை வந்தது. அப்படிப் பிரித்தால், முதல் பாகத்தைத் தவறவிட்டவருக்கு ஐந்து மாதமும் வாசல் அடைபட்டுவிடும். கூட்டத்தின் தொடக்கத்தில் ஒருவர் கதைச்சுருக்கம் சொல்லலாம் என்றும் முயன்றோம். சுருக்கத்தைக் கேட்டுவிட்டு நாவலைப் பற்றிப் பேசுவது, கல்யாணத்துக்குப் போகாமல் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவதைப் போன்றது. கணக்கில் பெயர் இருக்கும், பந்தியில் இலை இருக்காது.

சிறுகதைக்கு மாறியபோது, வெறுமனே நீளத்தைக் குறைப்பதோடு நில்லாமல் ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டோம். மாதத்துக்கு இரண்டு கதைகள். முதல் கதையின் பெயர் இரண்டு வாரம் முன்னதாகவே அறிவிக்கப்படும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறியவர் ஆலந்தூரில் இறங்குவதற்குள் படித்துவிடக்கூடிய அளவில் அது இருக்கும். இரண்டாவது கதையை முன்கூட்டிச் சொல்வதில்லை. கூடியிருக்கும்போது ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு பக்கக் கதைக்கு அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். முதல் கதையைப் படிக்காமல் வந்தவரும் இரண்டாவது கதையில் மற்றவர்களுக்குச் சமமாகிவிடுகிறார். கூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட அவருக்குக் காரணம் இல்லை.

இரண்டு கதைகளையும் ஒன்றோடொன்று பேசும்படி தேர்ந்தெடுப்பதில்தான் சுவை இருக்கிறது. புதுமைப்பித்தன் அகலிகையை இரண்டு முறை எழுதியவர். 'அகல்யை' கதையை வீட்டில் படித்துவரச் சொல்லிவிட்டு, 'சாபவிமோசன'த்தைக் கூட்டத்தில் படித்தோம். சீதையிடம் இராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகும் இடம் வந்தபோது, முதல் கதையைப் படித்திருந்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே நொடியில் அதைக் கேட்டார்கள். முடிவைக் காப்பாற்றிவைக்க வேண்டிய கவலை யாருக்கும் இல்லாததால், நேராக அந்த முடிவிலிருந்தே பேச்சு தொடங்கியது. நாவல் காலத்தில் எங்களுக்குக் கிடைக்காத சுகம் அது.

வாய்விட்டுப் படிப்பதில் நாங்கள் எதிர்பாராத மற்றொரு லாபமும் கிடைத்தது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சு அச்சில் சற்றுத் தடுக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே குடியேறிய நண்பர் 'கதவு' கதையைப் படித்தபோது அந்தத் தடை இருந்த இடமே தெரியவில்லை. புதுமைப்பித்தனின் நெல்லைத் தமிழும் அப்படித்தான். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நம் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் தொடங்குகிற கதை என்பதால், அந்தச் சந்தி இன்று எப்படி இருக்கிறது என்பதிலேயே கால்மணி நேரம் போயிற்று. கதையில் வரும் சிக்கரிக் காபியைச் சாக்கிட்டு, அன்று எங்களுக்குக் காபி போட்ட அண்ணனிடம் சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தினோம்.

பிரதிகள் கிடைப்பதிலும் சிறுகதைக்கே வசதி அதிகம். எட்டுப் பேர் ஒரே மாதத்தில் ஒரே நாவலைப் படிக்க எட்டுப் பிரதிகள் வேண்டும். எழும்பூரில் 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் நாட்டில் அச்சாகும் நூல்கள் சட்டப்படி வந்துசேரும் நூலகங்களில் ஒன்று என்றாலும், ஒரு தலைப்பில் எட்டுப் பிரதிகளை எந்த நூலகத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஜனவரிப் புத்தகக் காட்சியில் தள்ளுபடியோடு எல்லோரும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஜூலையில் அதே நாவலைக் கேட்டால் 'அடுத்த பதிப்பு வரட்டும்' என்பதே பதிலாக இருக்கக்கூடும். சிறுகதைக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். 1944இல் மறைந்த கு.ப.ரா.வின் கதைகளையும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளையும் இணையத்திலிருந்து எடுத்து, கண்ணாடி போட்ட மூத்தவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். அம்பை, இமையம் போன்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் கதை என்றால் தொகுப்பை விலைகொடுத்து வாங்கி வாய்விட்டுப் படிக்கிறோம். அவர்களின் நூலை நகலெடுத்து விநியோகிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி தின்பண்டம். இதுவும் நாவலா சிறுகதையா என்பதைப் பொறுத்து மாறும் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. நாவல் காலத்தில் பேச்சு தளரத் தளரத் தட்டு நிறைந்தது. ஒரு மாதம் ஒருவர் வீட்டில் பஜ்ஜியும் கேசரியும் என்றால், அடுத்தவர் மெதுவடையோடு பாதாம் அல்வாவும் செய்தார். மூன்றாமவர் தம் முறை வருவதற்குள் கவலைப்படத் தொடங்கிவிட்டார். கதை படிக்கத் தொடங்கிய பிறகு ஓசை ஒரு பிரச்சினையாயிற்று. அரைமணி நேரம் ஒருவர் படிக்க, முறுக்கும் தட்டையும் நொறுங்கும் சத்தத்தில் உரையாடல் வரிகள் காணாமற்போயின. ஆகவே படிக்கும் நேரத்தில் சுண்டல் அல்லது பிடிகொழுக்கட்டை மட்டும். மொறுமொறுப்பானவை எல்லாம் பேச்சு தொடங்கிய பின்பே வரும். படிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர். மழைக்காலமானால் சுக்குக் காபி.

சூடாகச் சாப்பிட வேண்டிய எதையும் இப்போது யாரும் செய்வதில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் படிக்க உட்கார்ந்த மாலையில், அந்த வீட்டு அக்கா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு படிப்பவரே நிறுத்திவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு அக்கா வந்து உட்கார்ந்த பிறகுதான் கதை தொடர்ந்தது. மீதி மாவு அன்றிரவு அவர்கள் வீட்டுக்கு ஆனது. ஓர் உப்பு, ஓர் இனிப்பு, ஒரு காபி, கடையில் வாங்கினாலும் குறையில்லை என்ற ஏற்பாடு அன்று முதல் நடைமுறையில் இருக்கிறது.

சிறுகதையிலும் குறை இல்லாமல் இல்லை. மாதம் இரண்டு என்று போனால் ஆண்டின் இறுதியில் கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எந்தக் கதையில் எந்த மனிதர் வந்தார் என்பதே மறந்துபோகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் முறைவைத்து ஒருவர் நான்கைந்து வரி எழுதிவைப்பதால் ஓரளவு சமாளிக்கிறோம். இருபது பேர் கூடினால் வாய்விட்டுப் படிக்கும் முறை தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் கூட்டம் ஒரு கூடத்தில் அடங்குகிற அளவுதான். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்ற சமயங்களில் கைபேசி வழியே கூடிப் பார்த்தோம்: படிப்பது நன்றாகவே கேட்டது, பேச்சுத்தான் ஒருவர்மீது ஒருவராக விழுந்தது. அதைக்கொண்டு அந்த முறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆங்கில வழியில் படித்த இளைஞர் இருவர் சில மாதங்களாக வருகிறார்கள். தமிழ் எழுத்தில் வேகம் இல்லாவிட்டாலும் காதால் கேட்டு முழுமையாகக் கலந்துகொள்கிறார்கள். அவர்களிடம் முந்நூறு பக்க நாவலை நீட்டியிருந்தால் இரண்டாம் மாதமே இழந்திருப்போம் என்பது என் ஊகம்.

நாவலை அடியோடு விட்டுவிடவில்லை. ஆண்டுக்கு ஒன்று என்று ஜனவரியில் வாங்கி, மே மாதக் கூட்டத்துக்குள் முடிப்பது என்று வைத்திருக்கிறோம். இடைப்பட்ட மாதங்களில் வழக்கம்போல் கதைகள் நடக்கும். இதற்குப் பொருத்தமானது ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 'அக்கினிப் பிரவேசம்' கதையில் தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றித் தூய்மையாக்கி அணைத்துக்கொள்கிறாள். அப்படி நடக்காமற்போயிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று கேட்பது நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவலை முடிக்காதவரும், கதையைக் கூட்டத்தில் கேட்டுவிட்டால், வாதத்தில் பாதியிலாவது கலந்துகொள்ள முடியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதம் தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்'பை வீட்டில் படித்துவரச் சொல்லி, அசோகமித்திரனின் 'புலிக்கலைஞ'னைக் கூட்டத்தில் படிக்கப் பரிந்துரைப்பேன். இரண்டும் நீளமில்லாதவை. இரண்டிலும் பிழைப்புக்காக ஒருவர் மற்றவர்களின் முன் நிற்க நேர்கிறது. முன்னதில் வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும் சிறுமி, பின்னதில் வேடம் கேட்டுச் சினிமா நிறுவனத்துக்கு வரும் புலியாட்டக்காரர். படிப்பவர் 'புலிக்கலைஞ'னை முந்தின நாளே ஒருமுறை தனியாகப் படித்துப் பார்த்துவிட வேண்டும். அந்த மனிதர் புலியாக மாறும் இடத்தில் குரல் தடுமாறினால் கதை படுத்துவிடும்.