துபாய் விசிட் விசா: திருகோணமலையில் காசு கட்டப் போகிறவர்களுக்கு

"விசிட் விசாவில் போய் இறங்குங்கள், அறையும் நாங்களே பார்த்துத் தருவோம், வேலை அங்கே தயாராக இருக்கிறது" என்று திருகோணமலையில் யாராவது உங்களிடம் காசு கேட்டால், கொடுப்பதற்கு முன் இதை வாசியுங்கள். நான் போய்ப் பட்டு வந்தவன். ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. இந்தத் தெருவில் பலகையைக் கழற்றினால் அடுத்த தெருவில் வேறு பெயரில் மாட்டுவார்கள். செய்யும் விதம் மட்டும் மாறுவதில்லை.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்துகொண்டிருந்தேன். சீசன் முடிந்தால் வெள்ளைக்காரர் வரத்துக் குறையும், சம்பளமும் குறையும். அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்தத் தரகர் வந்தார். ஆறு இலட்சம் ரூபாய். டிக்கட், 60 நாள் விசா, முதல் மாத அறை, ஹோட்டல்களில் இன்டர்வியூ எல்லாம் அதற்குள். டிக்கட்டும் விசாவும் உண்மையில் அதில் பாதிகூட வராது. மீதி முழுவதும் "வேலை" என்ற வாக்குறுதிக்குத்தான். ஆனால் அவர் தந்த பற்றுச்சீட்டில் அந்த வேலை எங்கேயும் இல்லை. "பயணச் சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அது தெரிந்தே எழுதுவது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேலை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அவர் மாட்டிக்கொள்வார். பிறகு அப்பா போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "ஐயா, தம்பி சுற்றிப் பார்க்கத்தானே போனவர்? டிக்கட் தந்தேன், விசா தந்தேன், இன்னும் என்ன?" கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்டால் காட்டச் சொல்லி ஒரு ஹோட்டல் முன்பதிவுத் தாளும் தந்திருந்தார். அது அச்சடித்த கையோடு ரத்து செய்யப்பட்ட முன்பதிவு.

சரி, துபாய்க்கு வருவோம். அறை என்று சொன்னது துபாயின் தேராப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் ஒரு பெட்ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும். ஹோலைப் பலகை வைத்து மறித்து, மேலும் கீழுமாகக் கட்டில்கள். பொறுப்பாக இருந்தவர் நம் ஆள்தான், தமிழில்தான் பேசினார். உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, விசா எப்ப முடியுது?" அக்கறையாகக் கேட்கிறார் என்று தோன்றும். அந்த ஊரில் என்னிடம் காசு வாங்கிய ஒவ்வொருவரும் இதையேதான் முதலில் கேட்டார்கள். அறைக்காரர், இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனவர், விசா மாற்றித் தருகிறேன் என்றவர், எல்லோரும். உங்கள் திகதி தெரிந்தால் எத்தனை நாள் இழுத்தடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். முடிந்த பிறகு தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் தண்டம். அந்தப் பயத்தில் இருப்பவன் பொலிசுக்கும் போக மாட்டான், கொன்சியூலேற்றுக்கும் போக மாட்டான். அவர்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

முதல் மாத அறைக்காசு ஊரில் கட்டியாயிற்று என்றேன். "அது எனக்கு வரவில்லை" என்றார். வாடகை, அதற்கு மேல் டிபாசிட், இரண்டும் மறுபடி கட்டினேன். சில வாரம் கழித்து, மாநகரசபை சோதனைக்கு வருகிறது, பலகைகளைக் கழற்றப் போகிறோம், எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒரு இரவில் சொன்னார்கள். டிபாசிட் போனது போனதுதான். துபாயில் வாடகை ஒப்பந்தத்தை இஜாரி என்ற முறையில் பதிய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடவும் முடியாது. எனக்குச் சாவி தந்தவரின் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

இன்டர்வியூ கதை இன்னும் மோசம். ஒரு சின்ன ஒபிஸ், இரண்டு கேள்வி, அன்று மாலையே வட்ஸ்அப்பில் வேலைக் கடிதம். பெரிய ஹோட்டல் ஒன்றின் முத்திரை, அனுப்பியது சாதாரண ஜிமெயில் முகவரி. மெடிக்கலுக்கும் "ஃபைல் திறப்பதற்கும்" காசு கட்டச் சொன்னார்கள். ஒரு பகுதியைக் கட்டிய பிறகு, கீழே தேநீர்க்கடை வைத்திருந்த மலையாளி அண்ணன் ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் அமைச்சின் இலக்கம் எங்கே?" என்றார். அந்த ஊரில் எனக்கு நல்லது சொன்னவர் அவர் ஒருவர்தான். தேநீருக்கும் காசு வாங்கவில்லை.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். தனியார் கம்பனி ஒன்று வேலைக்கு எடுத்தால் அந்த வேலைக் கடிதம் மோஹ்ரே எனும் மனிதவள அமைச்சின் மூலமாக, இலக்கத்தோடு வரும். அந்த இலக்கத்தை அமைச்சின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆள் சேர்க்கும் செலவையும் விசாச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் வாங்குவது அங்கே சட்டவிரோதம். விசிட் விசாவில் வேலை செய்வதும் சட்டவிரோதம். "இரண்டு கிழமை சும்மா நின்று பழகுங்கள்" என்று ரெஸ்டோரன்ட்டில் நிறுத்துவார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்டால் வேலை செய்ததற்கு உங்கள் கையில் ஆதாரமே இருக்காது. கடவுச்சீட்டை "பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. பிரதி மட்டும் கொடுங்கள்.

விசிட் விசாவில் போய் வேலை எடுத்தவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் போய் இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அவருடைய மச்சான் அங்கே இருந்தார், அறையும் சாப்பாடும் அவர் பொறுப்பு. தரகரிடம் ஒரு சதமும் கட்டவில்லை. அப்படி ஒருவர் அங்கே இல்லையென்றால் பணியகத்தில் பதிந்து, வேலை ஒப்பந்தத்தோடு போவதுதான் சரி. தரகர் ஏதாவது ஏஜென்சியின் பெயரைச் சொன்னால் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். பிறகு பணியகத்தின் 1989 தொலைபேசிக்கு அழைத்து, அந்த அனுமதிப்பத்திரம் இப்போதும் செல்லுபடியாகுமா, நீங்கள் போகும் வேலைக்கு அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். "நான் அவர்களுடைய சப் ஏஜென்ட்" என்றால் காசை அவர் கையில் கொடுக்காமல் ஏஜென்சிக்கே நேரில் போய்க் கட்டுங்கள். பற்றுச்சீட்டில் எந்த நாடு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னை அனுப்பியவர் இப்போது துபாய் பற்றிப் பேசுவதே இல்லையாம். ருமேனியா என்கிறார், மூதூர்ப் பக்கம் பிள்ளைகள் கடவுச்சீட்டோடு காசையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது கொடுத்திருந்தால், அந்தப் பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.