டர்பன் டூ சென்னை ஃப்ளைட்: 3 ஸ்டார்
மேப்புல நேர்கோடு போட்டா சுமார் 7,000 கிலோமீட்டர்தான், ஆனா நேர் ஃப்ளைட் கிடையாது, வளைகுடா பக்கம் சுத்திப் போனா 9,500 வந்துடுது. டர்பன் கிங் ஷாகா ஏர்போர்ட்ல ஏறி முதல் ஃப்ளைட்டே 8 மணி நேரத்துக்கு மேல, நடுவுல 6 மணி நேரம் பெஞ்சுல தூக்கம், அப்புறம் சென்னைக்கு இன்னொரு 4. ஊர்ல மணி வேற மூணரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அம்மா "எப்படா வருவே"ன்னு கேட்டா கணக்கு போட்டே தலை சுத்திடுச்சு. சீட் பரவால்ல. வெஜ்னு சொல்லி வச்சும் சிக்கன்தான் வந்துச்சு, நல்லவேளை டர்பன் சாட்ஸ்வொர்த் ஏரியால இருக்கற அத்தை ஃபாயில்ல கட்டிக்குடுத்த புளிசாதம் இருந்துச்சு, பிரிச்சதும் பக்கத்து சீட்காரர் கழுத்த நீட்டி எட்டிப் பாத்தாரு, அவருக்கும் ஒரு பிடி குடுத்தேன். பெட்டி மட்டும் மறுநாள்தான் வந்துச்சு, ஒரு சக்கரம் இல்லாம.