12 வால்வு கம்மின்ஸில் வால்வு ஸ்பிரிங் மாற்றி ஓட்டிய அனுபவம்

12 வால்வு கம்மின்ஸ் டீசல் என்ஜின் உள்ள வண்டி வாங்க நினைக்கும் ஒரு நண்பர், வால்வை மூடி வைக்கும் ஸ்பிரிங்கை மாற்றினால் வேகம் கூடுமா என்று கேட்டார். கூடாது. என் 1997 டாட்ஜ் ராம் 2500, 5.9 லிட்டர், மேனுவல் கியர், கம்பெனியில் இருந்து வரும்போதே 215 குதிரைத்திறன். ஸ்பிரிங் மாற்றியதால் அதில் ஒன்றுகூட ஏறவில்லை. ஆனால் இந்த வண்டிக்கு நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது இதுதான், காரணம் ஏற்றம் இல்லை, இறக்கம்.

நான் இருப்பது கொலராடோ. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது, மேற்கே வெளியே வந்ததும் சில்வர்தார்ன் வரை 7 சதவீதச் சரிவு. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். பின்னால் கேம்பர் ட்ரெய்லர் இருந்தால் கால் பிரேக்கை மட்டும் நம்பி அதில் இறங்கக் கூடாது, அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். புகை போகும் வழியை அது அடைத்துவிடும், என்ஜின் தன் மூச்சை வெளியே தள்ள முடியாமல் திணறும், அந்தத் திணறல்தான் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கிறது.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. புகை சேரும் குழாயான மேனிஃபோல்டில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) வரை ஏறும் அழுத்தம் வெளியே போக வழியில்லாமல், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் முதுகில் அழுத்துகிறது. பக்கத்து சிலிண்டர் புகையைத் தள்ளும் நேரத்தில் இந்த சிலிண்டர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால், மூடியிருக்க வேண்டிய வால்வு தான் உட்காரும் சீட்டை விட்டு லேசாக எழும்பும், அப்புறம் அடித்து மூடும். கம்பெனி ஸ்பிரிங் இதைத் தாங்குவதற்காகச் செய்ததில்லை. இந்த என்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் இடம் மிகக் குறைவு என்பதால், வேகமாகச் சுற்றும்போது வால்வு பின்தங்கினால் பிஸ்டன் அதைத் தொட்டுவிடும். சுற்று மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், இறக்கத்தில் என்ஜினைச் சுற்றுவது டீசல் இல்லையே, பின்னால் இருந்து தள்ளும் பாரம்தானே!

இந்த எக்ஸாஸ்ட் பிரேக் அழுத்தத்துக்காக வந்தவைதான் கடையில் 60 பவுண்டு என்று கேட்டு வாங்கும் ஸ்பிரிங்குகள். மாற்றிய பிறகு அதே சரிவில் கியரைக் குறைத்து, 2,500 ஆர்பிஎம் தாண்டினாலும் பதறாமல் பிரேக்கைப் போட்டு விடுகிறேன். சுற்று கூடக் கூட இந்த பிரேக் நன்றாகப் பிடிக்கும், முன்பு பயந்து சுற்றைக் குறைத்தே ஓட்டியதால் பிரேக்கில் பாதியைக்கூட நான் பயன்படுத்தவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. கீழே போய்ச் சேரும்போது சக்கரத்தில் கருகிய வாடை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதும் இல்லை.

என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தை அதிகம் வைப்பவர்களுக்கும் இதே கணக்குதான், காற்று நுழையும் இன்டேக் வால்வின் முதுகில் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 50 பவுண்டு தள்ளினால் ஸ்பிரிங் அதையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். அதற்காக 100 பவுண்டுக்கு மேல் உள்ள பந்தய ஸ்பிரிங்கை ட்ரெய்லர் இழுக்கும் வண்டியில் போடச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. வால்வைத் திறக்கும் பாகங்களான கேமுக்கும் டேப்பட்டுக்கும் சுமை கூடும், புஷ்ராட் கம்பிகளையும் மாற்ற வேண்டி வரும், அதையெல்லாம் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். வேலை பெரிய வித்தை இல்லை, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டாம். 1, 6 இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும், அப்போது வால்வு உள்ளே விழுந்தாலும் பிஸ்டன் தலையில் உட்கார்ந்துவிடும், நான்கு ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு 2, 5, பிறகு 3, 4. ஸ்பிரிங்கை வால்வில் பிடித்து வைக்கும் வால்வு லாக் தெறித்து புஷ்ராட் ஓட்டைக்குள் போகாமல் துணி அடைத்துக்கொண்டால் போதும். கடைசியில் என்ஜின் ஆறியபின் டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளி, இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020. நான் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள், டேப்பட் சத்தம்கூட முன்பைவிடச் சீராக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்த என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வால்வு கவர், ஆறு கவர், எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் ஆறு கேஸ்கட், அத்தனையிலும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டு மூடிவிட்டார்கள்! ஸ்பிரிங்குக்கும் கூலிக்கும் அவ்வளவு வாங்கியவர்களுக்கு அற்ப விலை கேஸ்கட் கணக்கில் வரவில்லை. அன்று தொடங்கியது எண்ணெய்க் கசிவு. ஒரு கவரைச் சரிசெய்தால் அடுத்தது வியர்க்கிறது, கசிந்தது சூடான மேனிஃபோல்டில் விழுந்து கருகி, ஹீட்டர் போட்டால் வாடை கேபினுக்குள் வருகிறது. குளிர்காலம் முழுக்க இதே கதை, இந்த வாரம் மறுபடியும் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

அதனால் நண்பருக்கு இன்று நான் சொன்ன பதில், வேண்டாம், 2007 நடுவில் வந்த 6.7 லிட்டர் வண்டியைத் தேடுங்கள், அதில் டர்போவே எக்ஸாஸ்ட் பிரேக் வேலையையும் செய்யும், கம்பெனியே ஸ்பிரிங்கையும் பார்த்துப் போட்டிருக்கும். இல்லை, எனக்கு 12 வால்வுதான் வேண்டும் என்றால் பிரேக் வாங்கும் முன்பே ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள், புது கேஸ்கட் ஆறையும் நீங்களே வாங்கி மெக்கானிக் கையில் கொடுங்கள், போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.