லினக்ஸில் கேமிங்: டி டிரைவ் வைக்கும் ஆப்பு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து ஒரே கேள்விதான்: "லினக்ஸுக்கு மாறினா கேம் ஓடுமா?" ஓடும். தனியாக ஆடும் கேம் என்றால் பெரும்பாலும் இன்ஸ்டால் ஆன கையோடு ஓடும். ஸ்டீம் கேம் ஸ்டோரை நடத்தும் வால்வ், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டபோது இப்படி இல்லை. இன்று, விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில் 11 வரை டிஎக்ஸ்விகே, 12-க்கு விகேடி3டி-புரோட்டான். இரண்டும் கேமின் கிராஃபிக்ஸ் வேலையை லினக்ஸுக்குப் புரியும் வல்கன் முறைக்கு மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. ஏஎம்டி கார்டுக்கு டிரைவர்கூடத் தனியாகப் போட வேண்டாம்.

இத்தனை சுகத்தையும் கெடுப்பது விண்டோஸ் காலத்து டி டிரைவ். 500 ஜிபி அளவுக்குக் கேம்களை மறுபடி இறக்க யாருக்கு மனசு வரும்? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கும் அந்த டிஸ்க்கையே லினக்ஸில் மவுண்ட் செய்து (இணைத்து) ஸ்டீம் லைப்ரரியாகச் சேர்த்துவிடுகிறார்கள். பிளே பட்டனை அழுத்தினால் 'ஸ்டாப்' என்று மாறி, சில விநாடியில் மறுபடி 'பிளே' ஆகிவிடும். எரர் மெசேஜ்? மூச்சு விடாது. பழி புரோட்டான் தலையில்.

காரணம் ஒரு முக்காற்புள்ளி (:). ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் 'காம்பேட்டேட்டா' ஃபோல்டருக்குள் ஒரு போலி விண்டோஸை அமைக்கும். அதில் 'சி:', 'இசட்:' என்ற பெயரில் சிம்லிங்குகள் (வேறு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழிகள்) இருக்கும். பெயரில் முக்காற்புள்ளி வருவதை விண்டோஸ் ஏற்காது. விண்டோஸ் பெயர் விதியோடு மவுண்ட் ஆகியிருந்தால் சிம்லிங்க் உருவாகாது, கேம் திறக்காது. விதி இல்லாமல் மவுண்ட் ஆனால் உருவாகும். ஆனால் அடுத்த முறை விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் ஓடும்போது அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்காமல் விட்டிருந்தால் டிஸ்க் ரீட்-ஒன்லியாகவே (படிக்க மட்டும்) மவுண்ட் ஆகலாம். அது தனித் தலைவலி.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருக்கும் டூயல் பூட்டை விட முடியாதவர்கள் காம்பேட்டேட்டாவை மட்டும் லினக்ஸின் ஹோம் ஃபோல்டர் பக்கம் வைத்து, என்டிஎஃப்எஸ் லைப்ரரியிலிருந்து அதற்கு சிம்லிங்க் போடலாம். ஒட்டுப்போடும் வேலைதான், ஆனால் தாங்கும். முழுசாக மாறுபவர்கள் இன்னொரு டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்து லைப்ரரி ஆக்கி, பழைய லைப்ரரியின் 'காமன்' ஃபோல்டரில் இருக்கும் கேமை அப்படியே காப்பி செய்து, பிறகு இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். இருக்கும் ஃபைல்களை ஸ்டீம் சரிபார்த்துக்கொண்டு குறைவதை மட்டும் இறக்கும். எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு (அட்மின் கணக்குக்கு) ஒதுக்கிவிடும்; 1 டிபி டிஸ்க்கில் கிட்டத்தட்ட 50 ஜிபி, ஒரு பெரிய கேமின் இடம். கேம் மட்டும் வைக்கும் டிஸ்க்கில் அதை டியூன்2எஃப்எஸ் கமாண்ட் கொண்டு பூஜ்யமாக்கிவிடலாம்.

இனிமேல் என்ன? லினக்ஸின் மையமான கெர்னலின் 6.14 பதிப்பில் என்டிசிங்க் வந்துவிட்டது. கேமின் த்ரெட்டுகளை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) ஒத்திசைக்கும் விண்டோஸ் முறையைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும். தொழில்நுட்பத்தில் பெரிய குறை இல்லை. அடைப்பு, ஆன்லைன் கேமில் ஏமாற்றுவதைத் தடுக்கும் ஆண்டி-சீட்டில். ஈஸி ஆண்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி விட்டுவிட்டன. அதைத் திறப்பதும் மூடுவதும் கேம் நிறுவனத்தின் கையில். லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் 31-ல் கதவைச் சாத்தியது. ராத்திரி ஸ்குவாடோடு அதை ஆடுபவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம்.

மற்றபடி ஐந்துக்கு நாலரை கொடுக்க வேண்டிய அனுபவம். அந்த பிளே பட்டன் 'இந்த டிஸ்க் ஒத்துவராது' என்று ஒரு வரி சொல்லும் வரை மூன்றுதான்.