ரிப்போர்ட்டில் ‘நாலு’ என்று பார்த்துப் பயந்து போன எங்களுக்கு இந்த லேப் செய்த உதவி

அம்மாவின் இடது காதுத் தோடு ஒரு வருடமாகவே கோணலாக நின்றது. திருகாணி தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஆசாரியிடம் கொடுத்து மாற்றினேன். அப்புறமும் கோணல்தான். ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் கையில் பட்டது: காது மடலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மடலையே அது மேலே தூக்கிவிட்டிருந்தது. “வலிக்கலையே பாப்பா, ஆறேழு வருஷமா கெடக்கு” என்றார் அம்மா.

கடலூரில் ஒரு லேப்பில் ஊசி குத்தி எடுக்கிற எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை செய்தோம். சனிக்கிழமை சாயங்காலம் கவரை நீட்டினார்கள். உள்ளே ‘நியோபிளாசம்’ என்ற சொல், பக்கத்தில் ரோமன் எண்ணில் நாலு, அதோடு ஒட்டி ஒரு ‘ஏ’. “இது என்னம்மா?” என்று கேட்டேன். “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அக்கா, நாலாவது ஸ்டேஜ்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அந்த இரண்டு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை புதுச்சேரியில் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் பயப்படாதீர்கள் என்றார். ஆனாலும் கத்தி வைப்பதற்கு முன்னால், ஊசியில் எடுத்ததைத் தடவி வைத்திருக்கும் ஸ்லைடை இன்னொருவர் பார்த்துவிடட்டும் என்று இந்த லேப்புக்கு அனுப்பினார். கடலூர் லேப்பில் கண்ணாடி ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸில் வந்தோம். ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் தாண்டும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே இருக்கிற பேத்தாலஜி (செல்லையும் சதையையும் சோதித்து நோயைக் கண்டுபிடிக்கிற) டாக்டரம்மா முதலில் அம்மாவை உட்காரச் சொல்லி, கட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார்கள், பல்லைக் காட்டச் சொன்னார்கள். கட்டி இருப்பது காதுக்குக் கீழே உள்ள எச்சில் சுரப்பியில், முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பி வழியாகத்தான் போகிறதாம். அப்புறம் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும், “நீங்களும் பாருங்க” என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல மெஜந்தா நிறத்தில், சிக்கு விழுந்த பட்டு நூல் மாதிரி நார் நாராக ஏதோ பரவியிருந்தது. அதற்குள்ளே சின்னச் சின்னப் பொட்டுகளாகச் செல்கள். இந்த நாரும் இந்த செல்லும் சேர்ந்து இருப்பதுதான் அடையாளம், இது பிளியோமார்ஃபிக் அடினோமா, எச்சில் சுரப்பியில் அதிகமாக வருகிற கட்டியே இதுதான், புற்றுநோய் இல்லை என்றார்கள்.

“அப்ப அந்த நாலு?” என்று கேட்டேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்கள். எச்சில் சுரப்பி ஊசிப் பரிசோதனைக்கு மிலன் முறை என்று ஒன்று உண்டு, 2018-ல் வெளிவந்தது. அதில் ஆறு வகை. நாலாவது வகை என்றால் ‘புதிதாக வளர்ந்த கட்டி’ என்றுதான் பொருள். அதில் ‘ஏ’ என்றால் சாதுவான கட்டி. ‘பி’ என்றால் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊசியை வைத்துச் சொல்ல முடியாத கட்டி. ஐந்து சந்தேகம், ஆறுதான் புற்று. நியோபிளாசம் என்ற சொல்லுக்கும் புது வளர்ச்சி என்பதுதான் அர்த்தம். ஸ்டேஜ் என்பது வேறு கணக்கு: புற்று என்று உறுதியான பிறகு அது எவ்வளவு பெரிது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று போடுவது. கிரேடு அதற்கும் வேறு: செல் எவ்வளவு மாறிப்போயிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போடுவது. எனக்கு உடனே பிடிபட்டது. சட்டைக்கு 40 என்றால் மார்பளவு, பேன்ட்டுக்கு 40 என்றால் இடுப்பளவு. எண்ணை மட்டும் பார்த்துத் துணி வெட்ட முடியாது.

பெயர்களையும் அதே தாளில் எழுதிக் காட்டினார்கள். ‘ஓமா’ என்று முடிந்தால் பொதுவாகக் கட்டி. கொழுப்பில் வந்தால் லிப்போமா, எலும்பில் வந்தால் ஆஸ்டியோமா, சுரப்பியில் வந்தால் அடினோமா. இவை சாது. தோல், உள்சவ்வு, சுரப்பி இவற்றின் செல்லிலிருந்து வந்த புற்று என்றால் கார்சினோமா. கொழுப்பு, தசை, எலும்பு இவற்றிலிருந்து வந்தால் சார்கோமா. அதனால்தான் லிப்போமாவும் லிப்போசார்கோமாவும் வேறு வேறு. ஆனால் பெயரை மட்டும் நம்பக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள். மெலனோமா, லிம்போமா, மைலோமா எல்லாம் அதே ‘ஓமா’தான், மூன்றுமே புற்று. அடிபட்டு ரத்தம் கட்டினால் ஹிமட்டோமா, அது இந்தக் கணக்கிலேயே வராது.

சாது என்றால் விட்டுவிடலாமா என்று அம்மாவே கேட்டார். டாக்டரம்மா மழுப்பவில்லை. இந்த அடினோமா பொதுவாக வேறு இடத்துக்குப் பரவாது, ஆனால் வருடக்கணக்கில் விட்டால் சிலருக்கு அதற்குள்ளேயே புற்று முளைக்கலாம், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். அதைச் சுற்றி உறை மாதிரி இருந்தாலும் விரல் விரலாக வெளியே நீட்டியிருக்குமாம். கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்தால் மிச்சம் நின்று திரும்ப வரும், சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுக்க வேண்டும். தையலுக்கு உள்துணி விடுகிற மாதிரி என்று நான் சொன்னதும், “ஆமா, அதேதான்” என்று சிரித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து எடுத்த கட்டியையும் இங்கேதான் கொடுத்தோம். ரிப்போர்ட் வந்தபோது போனில் அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள், வெட்டி எடுத்த சதையின் எல்லைகளில் கட்டி இல்லை என்று. அடியில் கட்டியின் வகையைக் குறிக்கிற 8940/0 என்று ஓர் எண் இருக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதைப் பாருங்கள் என்றார்கள். 0 என்றால் சாது, 1 என்றால் இரண்டுங்கெட்டான், 2 என்றால் தோன்றிய இடத்தைத் தாண்டாத புற்று, 3 என்றால் ஊடுருவும் புற்று. அந்த 0-ஐ நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. லேப் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. வயதானவர்களைக் கூட்டி வருபவர்கள் யோசித்து வாருங்கள். உட்கார ஆறு நாற்காலிதான். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். தமிழில் நாலு வரி சேர்த்து அடித்துக் கொடுத்தால் எத்தனையோ வீட்டில் தூக்கம் கெடாது. நேரிலும் சொன்னேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்லைடு பார்க்க 800 ரூபாய் வாங்கினார்கள். எங்களுக்குச் செலவிட்ட முக்கால் மணி நேரத்துக்கு அது பெரிய தொகை இல்லை.

வருபவர்கள் பழைய ஸ்லைடு, பிளாக் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டை), ஸ்கேன் மூன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். முதல் லேப்பில் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து மட்டும் போட வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு முகம் கோணவில்லை, கண் நன்றாக மூடுகிறது. காது மடல் மட்டும் மரத்துப்போயிருக்கிறது. அப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திருகாணி ஏறியது தெரியவில்லை என்பதால் தினமும் காலையில் நான்தான் போட்டுவிடுகிறேன். தோடு இப்போது நேராக நிற்கிறது.