கிளச் மிதி இல்லாத கார், மலைப்பாதை: நீண்ட காலப் பாவனையில் தெரிந்தவை

விற்கிறவர் "ஓட்டோ கியர்" என்றுதான் சொல்வார். பொனட்டுக்குக் கீழே இருப்பதோ மெனுவல் கார். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலில் பிடித்து இழுவையைக் கடத்தும் அதே ஒற்றை உலர் கிளச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் அதே பிரஷர் பிளேட், அந்தப் பிடியை விடுவிக்கும் அதே ரிலீஸ் பேரிங், அதே ஐந்து கியர் பெட்டி. இடது கால் செய்த வேலையை ஒரு கணினிப் பெட்டியும் அதன் கட்டளைப்படி கிளச்சையும் கியரையும் நகர்த்தும் ஒரு அக்சுவேட்டரும் எடுத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஏஎம்டி (Automated Manual Transmission) என்பது இது. 2014இல் இந்தியாவில் மாருதி சுசுகி செலேரியோவில் வந்த பிறகு அல்டோ, வேகன் ஆர், ரெனோ குவிட் என்று சிறிய கார்களில் பரவியது. இலங்கை மலைநாட்டின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை வீதிகளில் வருடக்கணக்கில் ஓடிய இத்தகைய சிறிய பெற்றோல் கார்களைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

இந்த அமைப்பின் நல்லது கெட்டது எல்லாம் ஒரு விஷயத்தில் அடங்குகிறது: கிளச் பிடிக்கத் தொடங்கும் இடம். ரிலீஸ் பேரிங் போய்வரும் மொத்தத் தூரமே ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதில் ஓரிரு மில்லிமீற்றருக்குள்தான் கிளச் "பிடிக்கவில்லை" என்ற நிலையிலிருந்து "இழுக்கிறது" என்ற நிலைக்கு வருகிறது. மெனுவல் கார் ஓட்டுபவரின் கால் அதை எஞ்சின் சத்தத்தையும் அதிர்வையும் வைத்துக் கண்டுபிடிக்கும். ஏஎம்டி அதை எண்ணாக மனதில் வைத்திருக்கிறது. அக்சுவேட்டரில் உள்ள பொசிஷன் சென்சர் கிளச் எங்கே நிற்கிறது என்று சொல்லும். எஞ்சின் வேகமும் கியர் பெட்டியின் உள்ளீட்டு அச்சின் வேகமும் தனித்தனியாக வரும். நியூட்ரலில் கிளச்சைத் திறந்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டே வந்தால், நின்றிருந்த அச்சு சுழலத் தொடங்கும் கணம்தான் பிடிக்கும் இடம். கணினி அதைப் பதிந்துகொண்டு, கார் எடுக்கும்போது அந்த இடம் வரைக்கும் வேகமாகவும் அதன்பின் மெதுவாகவும் கிளச்சை விடும்.

அந்த இடம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதை அழுத்தும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் கியர் பெட்டிப் பக்கம் எழும்பும். மெனுவல் காரில் "கிளச் மேலே வந்து பிடிக்குது" என்கிறோமே, அதேதான். இது மெதுவான மாற்றம், கணினி சமாளித்துக்கொள்ளும். சூட்டினால் வரும் மாற்றம் அப்படியல்ல. ஒரே ஏற்றத்தில் பத்து நிமிடத்துக்குள் பிடிக்கும் இடம் நகர்ந்துவிடும், உராய்வும் குறையும். கணினி பழைய எண்ணை வைத்துக் கிளச்சை விட, கார் நடுங்கி நடுங்கி எடுக்கும். மலைநாட்டில் "புதுக் கார் உதறுது" என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை இந்த வகை. ஆறவிட்டால் சரியாகிவிடும்.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார், 15% ஏற்றம். பின்னால் உருளாமல் நிற்க ஏறத்தாழ 1,450 நியூட்டன் விசை வேண்டும். முதல் கியர் வழியாக அது கிளச்சில் சுமார் 25 நியூட்டன் மீற்றர். பிரேக் பிடிக்காமல் அக்சிலேட்டரை லேசாக மிதித்து 1,200 ஆர்பிஎம்மில் காரை அப்படியே நிறுத்தி வைத்தால், 3 கிலோவாட்டுக்கு மேல் முழுக்க முழுக்க கிளச் பிளேட்டில் சூடாக இறங்கும். மூன்று மின் அழுத்திகளை கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் போட்டுவிட்டதற்குச் சமம். ஒரு நிமிடத்தில் 190 கிலோஜூல். அதில் பாதி 3 கிலோ எடையுள்ள பிரஷர் பிளேட்டுக்குப் போனால் அந்த ஒரு நிமிடத்திலேயே அது 60 பாகைக்கு மேல் சூடேறும். சமதரையில் கார் எடுக்கும்போது கிளச் இதில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்குகிறது.

ஆகவே ஏப்ரல் சீசனில் ரம்பொடை, லபுக்கலைப் பக்கம் வாகனங்கள் ஊர்ந்து ஏறும்போது இந்தக் கார்களுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். முன்னால் போகும் கொழுந்து லொறியோடு ஒட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் கிளச்சைக் கொல்லும் வேலை. இரண்டு மூன்று கார் நீளம் இடைவெளி விட்டு, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நின்று, இடம் வந்ததும் ஒரே மூச்சில் எடுத்து முழுதாகக் கிளச் மூடும் வேகத்துக்குப் போக வேண்டும். முதல் கியரில் அது மணிக்கு 7, 8 கி.மீ. அளவு. அதற்குக் கீழே கார் நகரும் ஒவ்வொரு விநாடியும் அரை கிளச்தான். பின்னால் ஹோர்ன் அடிப்பவர் அடித்துக்கொண்டிருக்கட்டும்.

ஏற்றத்தில் எடுக்கும் முறை மெனுவல் கார் பழகியவர்களுக்குப் புதிதல்ல. ஹேண்ட்பிரேக் போட்டபடியே அக்சிலேட்டரை மிதியுங்கள். காரின் முகம் சற்று எழும்பும்போது, அதாவது கிளச் பிடித்தபின், ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஏற்றத்தில் பிரேக்கைத் தானே சற்றுப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் உள்ள வண்டிகளிலும் அது பொதுவாக இரண்டு விநாடி அளவுதான் பிடிக்கும். பிரேக்கை விட்டால் தானாக ஊரும் வசதியை ஏற்றத்தில் நம்ப வேண்டாம். சமதரைக்கென்று அளவு வைத்த விசை அது. இன்னொன்று: நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கொழும்பில் சுகமாக எடுத்த அதே மிதி இங்கே போதாது. பயந்து பயந்து மிதிப்பதைவிட ஒரே சீராக நன்றாக மிதித்து எடுப்பது கிளச்சுக்கு நல்லது.

ஓடும்போது கியர் மாறும் இடைவெளி அடுத்த தொல்லை. கிளச் திறந்து, கியர் மாறி, மீண்டும் மூடும்வரை சக்கரத்துக்கு இழுவை இல்லை. 12% ஏற்றத்தில் அந்த இடைவெளி 0.8 விநாடி என்றால் கார் மணிக்கு 3 கி.மீ.க்கு மேல் வேகம் இழக்கும். மூன்றாம் கியருக்குப் போய், வேகம் போதாமல் மறுபடி இரண்டுக்கு இறங்கி, திரும்பவும் மூன்றுக்கு ஏறப் பார்க்கும். கியரைக் கணினியே தெரிவுசெய்யும் டி நிலையில் விட்டால் கினிகத்தேனை ஏற்றம் முழுக்க இந்த ஊசலாட்டம்தான். நாமே கியரைத் தெரிவுசெய்யும் எம் நிலைக்கு மாற்றி இரண்டாம் கியரில் பூட்டி வைப்பதே மருந்து. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் அல்ல. கியர் ஏறும்போது அக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் தலை ஆட்டம் குறையும்.

இறக்கத்திலும் அதே எம் நிலை. ரதல்லைக் குறுக்குப்பாதை போன்ற இடத்தில் டி-யில் விட்டால் கணினி கியரை ஏற்றிக்கொண்டே போகும், எஞ்சின் பிரேக் கிடைக்காது, முழுச் சுமையும் பிரேக் பேட்டுக்கு. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய லொறிச் சாரதிகளின் விதி இங்கும் செல்லும்.

ஏஎம்டியின் உண்மையான பலவீனம் தோட்டத்துப் பாதையில்தான் தெரியும். லயத்துக்குப் போகும் குறுகிய கொங்கிரீட் பாதையில், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்புவது. கிளச்சை மில்லிமீற்றர் கணக்கில் பிடித்து வைக்கும் சுதந்திரம் உங்களிடம் இல்லை. மிதித்தால் துள்ளும், விட்டால் உருளும். மூன்று நான்கு முறை முன்பின் ஆட்டினால் எரிந்த வாடை வரும். வாடை வந்தால் ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில், எஞ்சினை ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பதுதான் வழி. வீட்டுக்குப் போகும் கடைசி நூறு மீற்றர் இப்படியான பாதை என்றால் மெனுவல் கார் வாங்குவதே புத்தி.

நிறுத்தும்போது: முழு ஓட்டோ காரில் சக்கரத்தைப் பூட்டும் பி நிலை இதில் கிடையாது. ஹேண்ட்பிரேக்கை முதலில் இழுத்து, பிரேக் மிதித்தபடி ஏற்றமென்றால் முதல் கியர், இறக்கமென்றால் ரிவர்ஸ் போட்டு, டாஷ்போர்டில் அந்த எழுத்து தெரிவதைப் பார்த்தபின் எஞ்சினை நிறுத்துங்கள். கிளச் ஸ்பிரிங்கினால் மூடியே இருக்கும் வகை என்பதால் கியர் காரைப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பது மலைநாட்டு வழக்கம், அதை மாற்றத் தேவையில்லை. இதன் மறுபக்கம், கியரில் நிற்கும்போது பற்றரி செத்தால் காரைத் தள்ளவும் முடியாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. ஜம்பர் வயர் காரிலேயே இருக்கட்டும்.

பழுதுகளில் பெரிய செலவு என்று பயந்து போய், சிறிய காரணத்தில் முடிபவை அதிகம். கியரே விழவில்லை என்றால் முதலில் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் மிதித்த செய்தி வராவிட்டால் கணினி கியர் போடாது. பெடலுக்கு மேலே உள்ள சின்ன சுவிட்ச் போயிருக்கும். அடுத்தது பற்றரி. எஞ்சின் ஓடாத நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சந்தேகப்படலாம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாக் குளிரில் பற்றரி தளரும், அக்சுவேட்டர் ஒயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோலிக் வகையில் அந்த ஒயில் தடிக்கும். பம்ப் தடுமாறி கியர் எச்சரிக்கை விளக்கு எரியும். பனிமூட்ட ஈரத்தில் ஏர்த் வயரின் முனை பச்சை பிடிப்பதும் இதே அறிகுறியைத் தரும்.

ஹைட்ரோலிக் வகையில் கதவைத் திறந்ததும் கேட்கும் "ஸ்ஸ்ங்" சத்தம் பழுதல்ல, பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. ஒவ்வொரு கியருக்கும் பம்ப் ஓடினால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டரில் வாயு போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் விட்டால் பம்ப் மோட்டரும் அதன் ரிலேயும் அடுத்ததாகப் போகும். தாங்கியில் ஒயில் குறைந்தால் பிரேக் ஒயில் ஊற்றாதீர்கள். கையேட்டில் சொன்னது மட்டும். கியர் பெட்டிக்கும் அப்படித்தான். பெயரில் "ஓட்டோ" இருப்பதால் முழு ஓட்டோ பெட்டிக்கான ஏடிஎஃப் ஒயிலை ஊற்றும் கராஜ்கள் உண்டு. உள்ளே இருப்பது மெனுவல் பெட்டி, அதற்குரிய கியர் ஒயில்தான் வேண்டும்.

கிளச் மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் 0.5 மி.மீ.க்குக் குறைவாக லைனிங் இருந்தால் முடிந்தது. ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் சூட்டின் அடையாளம். அதைச் சீராக்காமல் புதுப் பிளேட் போட்டால் உதறல் அப்படியே இருக்கும். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலில் ஒயில் கசிகிறதா என்று பார்ப்பது, பிளேட் சறுக்கி நகரும் ஸ்பிளைனில் மெல்லிதாகக் கிரீஸ் பூசுவது, இவை எந்தக் கிளச் வேலையிலும் வழக்கமானவை.

மெக்கானிக் வேலை முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. கணினிக்குத் தெரிந்தது தேய்ந்த பழைய பிளேட்டின் பிடிக்கும் இடம். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம், ஹைட்ரோலிக் வகையென்றால் அதிலுள்ள காற்றை வெளியேற்றி, தேய்மானக் கணக்கை அழித்து, பிடிக்கும் இடத்தையும் கியர் இடங்களையும் புதிதாகக் கற்பிக்க வேண்டும். அக்சுவேட்டரோ கணினிப் பெட்டியோ மாற்றினாலும் இதேதான். இது செய்யாத கார் எடுக்கும்போது நின்றுவிடும், அல்லது குதிரைபோல் பாயும். "பிளேட் கூடாது" என்று சொல்லி இரண்டாவது பிளேட்டும் போட வைத்துவிடுவார்கள். வேலை கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: உங்கள் ஸ்கேனரில் இந்த மொடலுக்குக் கிளச் கற்பிக்கும் பகுதி இருக்கிறதா? பிழைக் குறியீடு வாசிப்பது மட்டும் போதாது.

பாவித்த கார் வாங்குபவர்கள் சமதரையில் ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏற்றத்தில் நிறுத்தி ஐந்து முறை அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். ஐந்தாவதும் முதலாவதைப்போல் எடுக்க வேண்டும். மூன்றாம் கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளச் சறுக்குகிறது, விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். கதவைத் திறந்து பம்ப் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் ஸ்கேனரில் கிளச் தேய்மான எண்ணையும் வாசித்துவிடுங்கள். மீற்றரைத் திருப்பியவர் அதைத் தொடாமல் விட்டிருக்கக்கூடும்.