அணிவகுப்பில் அடையாளம், கூண்டில் அடையாளம்

இந்தியாவில் அடையாள அணிவகுப்பு பெரும்பாலும் சிறை வளாகத்தில், குற்றவியல் நடுவர் முன்னிலையில் நடக்கும். ஒத்த வயதும் தோற்றமும் உள்ள பலருக்கு நடுவே சந்தேக நபர் நிற்பார். சாட்சி ஒவ்வொரு முகமாகத் தேட வேண்டும். போலீசார் அருகில் நிற்கக் கூடாது. புகைப்படத்தை முன்பே காட்டியிருந்தால் அணிவகுப்பின் மதிப்பே போய்விடும். மாற்றுத்திறனாளி சாட்சி என்றால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, ஒலி, ஒளிப் பதிவைக் கட்டாயமாக்குகிறது.

கூண்டு அடையாளத்தில் தேடலே இல்லை. விசாரணையின்போது நீதிமன்றக் கூண்டில் நிற்பவரைப் பார்த்து, சாட்சி ‘இவர்தான்’ என்றால் போதும். ஆனால் சட்டத்தில் அடிப்படைச் சாட்சியம் இதுதான். அணிவகுப்பு இதற்கு வெறும் துணை!

அறிமுகமில்லாத ஒருவரை ஆண்டுகள் கழித்து முதன்முறையாகக் கூண்டில் காட்டினால் என் மனம் ஏற்காது. முன்பே தெரிந்தவர் என்றால் அணிவகுப்பு தேவையில்லை.